தேனீக்களின் கூதிர்காலம்



நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மலை நிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பொழுதுகளாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கூதிர் என்றால் குளிர்; அதுவும் மழையோடு சேர்ந்து வரும் குளிர். இந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இது வேண்டியிருக்கும்.

பொருள் தேனீ வளர்ப்பு. அதிலும் ஒரு சிறு பகுதியைத்தான் பேசப் போகிறோம். வலுவிழந்த தேனீக் குடும்பங்களை ஒன்றாக இணைப்பது, உணவு கிடைக்காத காலம் வருமுன் கூட்டை ஆயத்தம் செய்வது ஆகிய இரண்டும் எப்படித் தோன்றின, எப்படி நம்மவர் கைக்கு வந்தன என்பதே அது. இந்தக் கலை ஆறும் குளமும் உறைந்துபோகும் நாடுகளில் பிறந்தது. பின்னர் தமிழ் மண்ணுக்கு வந்து, குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் வேறு உருக்கொண்டது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். "குளிர்காலத்துக்குத் தேனீ தேனைச் சேர்த்து வைக்கிறது" என்று பாடத்தில் படித்துவிட்டு, "நமக்குத்தான் குளிர்காலமே இல்லையே, சார்" என்று எங்கள் மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக்கூடியதன்று.

முதலில் ஐரோப்பாவின் பழைய வழக்கத்தைப் பார்ப்போம். அங்கே குடியானவர்கள் வைக்கோற் புரியால் பின்னிய கூடையைக் கவிழ்த்து வைத்துத் தேனீ வளர்த்தார்கள். கூடைக்குள் அடைகள் கூரையோடும் சுவரோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். அடையை வெளியே எடுத்துப் பார்க்கவோ, தேனை மட்டும் பிரித்தெடுக்கவோ வழியில்லை. ஆகவே இலையுதிர்காலத்தில் ஒரு கொடிய வேலை நடந்தது. தரையில் ஒரு குழி வெட்டி, கந்தகம் தோய்த்த துணியைக் கொளுத்தி, அதன்மேல் கூடையை வைத்துவிடுவார்கள். சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் குழியில் உதிர்ந்து கிடக்கும். பிறகு அடையை வெட்டித் தேனை எடுப்பார்கள்.

எந்தக் கூடைகளைக் கொல்வது என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. மிகக் கனமான கூடை தேனுக்காகக் கொல்லப்பட்டது. மிக இலேசான கூடையும் கொல்லப்பட்டது. எப்படியும் குளிர்காலத்தில் பட்டினி கிடந்து சாகப்போகிறது, இருக்கிற கொஞ்சத் தேனையாவது எடுத்துக்கொள்வோம் என்ற எண்ணம். நடுத்தரமான கூடைகளே அடுத்த வசந்தம்வரை வாழ விடப்பட்டன. நன்றாக உழைத்த குடும்பத்துக்கும் சாவு, நலிந்த குடும்பத்துக்கும் சாவு! நல்ல வித்தை அழித்துவிட்டு நடுத்தரத்தை வைத்துக்கொண்டு எத்தனை தலைமுறை விவசாயம் நடந்திருக்கிறது என்று எண்ணும்போது நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்த வழக்கத்தை எதிர்த்து எழுதியவர்கள் பலர். இங்கிலாந்தில் 1768-இல் தாமஸ் வைல்டுமன் எழுதினார். நம் பொருளுக்கு நெருங்கியவர் சுவிட்சர்லாந்தின் நியூசாட்டல் பகுதியில் வாழ்ந்த ஜோனாஸ் தெ ஜெலியே என்ற பாதிரியார். 1816-இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு செய்தியை வற்புறுத்தினார். நலிந்த இரண்டு குடும்பங்களை இலையுதிர்காலத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், அவை குளிர்காலத்தில் உண்ணும் தேன் இரண்டு பங்காகப் பெருகுவதில்லை. ஏறக்குறைய ஒரே குடும்பம் உண்ணும் அளவே செலவாகிறது என்றார். வாய் இரட்டிப்பானால் சோறும் இரட்டிப்பாக வேண்டும் என்பதுதானே நம் வீட்டுக் கணக்கு? கேட்டவர்கள் நம்பத் தயங்கியதில் வியப்பில்லை. அந்நூல் 1829-இல் ஆங்கிலத்தில் வந்தது.

அதன் பின்னர் 1838-இல் ஆக்ஸ்போர்டில் வில்லியம் சார்லஸ் காட்டன் என்ற இளைஞர் ஏழைக் குடியானவர்களுக்கென்றே ஒரு சிறு கடிதநூல் எழுதினார். தேனீயைக் கொல்லாதீர்கள் என்பதே அதன் சாரம். அவர் காட்டிய வழி வேடிக்கையானது. பந்துபோல் வளரும் ஒருவகைக் காளானைக் காயவைத்துப் புகைத்தால் தேனீக்கள் சற்று நேரம் மயங்கி விழும். அந்த மயக்கத்தில் ஒரு ராணியை நீக்கிவிட்டு, இரு குடும்பத்துத் தேனீக்களையும் கலந்து ஒரே கூட்டில் விடுவது. மயக்கம் தெளிந்து எழும்போது யார் எந்த வீட்டார் என்று அவற்றுக்கே தெரியாது! காட்டன் பின்னர் சமயப் பணிக்காக நியூசிலாந்து சென்றார். அங்கும் தேனீ வளர்ப்பை ஊக்குவித்தார்.

ஜெலியே சொன்ன கணக்கு ஏன் சரியாக வந்தது? தேனீ மற்றப் பூச்சிகளைப்போல் குளிர்காலத்தில் உறங்கிவிடுவதில்லை. வெப்பநிலை 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் ஐரோப்பியத் தேனீக்கள் ஒன்றையொன்று நெருக்கி ஓர் உருண்டையாகத் திரள்கின்றன. சிறகை அசைக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் நடுக்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. அந்த வெப்பத்துக்கு விறகு தேன். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த பிலிப்ஸ், டெமுத் என்ற இருவர் உருண்டைக்குள் வெப்பமானிகளை வைத்து அளந்து 1914-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெப்பம் வெளியேறுவது உருண்டையின் மேற்பரப்பு வழியாக. வீட்டில் சப்பாத்தி மாவை எடுத்துப் பார்க்கலாம். சமமான இரண்டு உருண்டைகளின் மேற்பரப்பைக் கூட்டி வரும் அளவைவிட, அவ்விரண்டையும் சேர்த்துப் பிசைந்த ஓர் உருண்டையின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிறிய கூட்டத்தில் ஒவ்வொரு தேனீயும் அதிகமாக நடுங்க வேண்டும், அதிகமாக உண்ண வேண்டும், விரைவில் தேய்ந்து சாகும். இன்றும் பிரிட்டனில் ஒரு கூடு குளிர்காலத்தைக் கடக்க ஏறத்தாழ 18 கிலோ தேன் இருப்பு வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள்.

கூடையை வைத்துக்கொண்டு இந்த வேலைகளையெல்லாம் செய்வது கடினம். அதற்கு விடை தந்தவர் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத். அவரும் பாதிரியார், பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியவர் என்பதால் நமக்கு உறவுக்காரர் என்றும் சொல்லிக்கொள்ளலாம். அடைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி விட்டால் தேனீ அதை மெழுகால் அடைக்காமல் நடைபாதையாக விட்டுவிடுகிறது என்பதை 1851-இல் அவர் பயன்படுத்திக் காட்டினார். மரச் சட்டங்களில் கட்டிய அடைகளை நூலகத்துப் புத்தகங்களைப்போல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் பெட்டி அதிலிருந்து பிறந்தது. 1852-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

பெட்டி வந்தபின் காளான் புகைக்கும் வேலை இல்லாமற்போயிற்று. இணைப்பதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் செய்தித்தாள் முறையை எழுதிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மில்லர். மருத்துவம் படித்துவிட்டு, அதை விட்டுத் தேனீயோடு வாழ்ந்த அமெரிக்கர் அவர். முறை மிக எளிது. ஒரு பெட்டியின் மேல் ஒற்றைத் தாளை விரித்து, ஊசியால் சில துளைகள் குத்தி, அதன்மேல் மற்றப் பெட்டியை வைத்துவிடுவது. ஒவ்வொரு தேனீக் குடும்பத்துக்கும் தனி வாசனை உண்டு. அயல் வாசனையோடு நுழைவதைக் காவல் தேனீக்கள் கொட்டிக் கொன்றுவிடும். நடுவில் தாள் இருந்தால் இரு புறத்துத் தேனீக்களும் அதைக் கடித்துக் கிழிக்க ஓரிரு நாள் ஆகும். அதற்குள் துளைகள் வழியே வாசனை கலந்துவிடுகிறது. தாள் கிழிந்து முகத்தோடு முகம் பார்க்கும்போது பகை தோன்றுவதில்லை.

தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தபோது இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் கூட்டு வகுப்பாக உட்காரவைத்தோம் அல்லவா? முதல் வாரம் முழுவதும் இடித்துக்கொள்வார்கள், "இது எங்கள் மேசை" என்பார்கள். நடுவில் ஒரு நூலலமாரியை வைத்துச் சில நாள் கழித்து அதை நகர்த்திய ஆசிரியர்களை நமக்குத் தெரியும். மில்லரை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள்.

இனி இந்தியாவுக்கு வருவோம். நம் நாட்டு அடுக்குத் தேனீ, மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு கட்டுவது. பொந்துத் தேனீ என்றும் சொல்வர். பழங்காலத்தில் உள்ளே மெழுகு தடவிய பானைகளை மரத்தில் கட்டி இதனை வரவழைத்தார்கள். மேல்நாட்டுப் பெட்டியில் இதனை வைத்தபோது பொருந்தவில்லை. இது உடலிலும் சிறியது, குடும்பத்திலும் சிறியது. திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் பாதிரியார் இதன் அளவுக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்தார். ஏழு சட்டங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டு அங்குல நீளமும் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமும் கொண்டது. 1911 முதல் 1917 வரை அவர் கிராமத்தாருக்குப் பயிற்சி கொடுத்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றளவும் தென்னாட்டில் வழங்குகிறது. 1917-இல் திருவிதாங்கூரிலும், 1925-இல் மைசூரிலும் அரசு முயற்சிகள் தொடங்கின. 1928-இல் வேளாண்மைக்கான அரச ஆணைக்குழு தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது.

இவற்றுள் வேரூன்றிய இடம் மார்த்தாண்டம். அப்போது அது திருவிதாங்கூரின் தென்கோடி. 1956 நவம்பர் 1-இல்தான் அந்தப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு, குமரி மாவட்டமாக இணைந்தது. 1920-களில் அங்கே கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கிராமச் சீரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், நிலமில்லாத, அல்லது ஒரு துண்டு நிலமே உள்ள குடும்பங்களுக்குக் கோழி வளர்ப்பையும் தேனீ வளர்ப்பையும் கைத்தொழிலாகக் கற்பித்தார். 1937-இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. வீட்டுக் கொல்லையில் பலா, வாழை, தென்னை நிழலில் நாலைந்து பெட்டிகள். வீட்டுப் பெண்களும் சிறுவரும் பார்த்துக்கொள்ளும் வேலை.

ஆனால் புத்தகங்களெல்லாம் குளிர் நாட்டார் எழுதியவை. பெட்டிக்கு வைக்கோல் சுற்றுவது, பனிக்காற்றுக்குத் தடுப்பு வைப்பது, நவம்பருக்குள் இவ்வளவு தேன் இருப்பு வைப்பது என்று அவை பக்கம் பக்கமாகச் சொல்லும். மார்த்தாண்டத்தில் பனியும் இல்லை, உறைவும் இல்லை. அங்கே தேனீயைக் கொன்றது மழை.

குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெறும் மண். அதிலும் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் தேனீக்குப் பெருந்துன்பம். பூக்கும் மரங்கள் குறைவு. இருக்கும் பூவிலும் மது கழுவிப்போகும். மழை விடாமல் பெய்தால் தேனீ வெளியே பறக்கவும் இயலாது. இந்த மாதங்களில் ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிடும். புதிய தேனீ பிறக்காமல் பழையவை சாகச்சாகக் குடும்பம் சுருங்கும். சுருங்கிய குடும்பம் எல்லா அடைகளையும் மூடி உட்கார முடியாது. மூடாத அடையில் மெழுகு அந்து முட்டையிட்டு, அதன் புழு அடையைத் துளைத்து நூலாம்படைபோல் ஆக்கிவிடும். பெட்டியின் காலில் ஏறி எறும்பு வரும்.

இங்கேதான் நம் தேனீ ஐரோப்பியத் தேனீயிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. ஐரோப்பியத் தேனீ வீட்டை விட்டு எளிதில் போகாது. இருப்பதை உண்டு, உருண்டையாகத் திரண்டு, வசந்தம் வரும்வரை தாக்குப் பிடிக்கும். நம் அடுக்குத் தேனீயோ நிலைமை மோசமானால் குடும்பத்தோடு கிளம்பிவிடும். நேற்றுவரை குறுகுறுவென்று இரைந்த பெட்டி, காலையில் பார்த்தால் வெறும் அடையோடு நிற்கும். பஞ்சம் வந்தால் ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைத்த மக்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அதைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் பெட்டிக்கு உரியவனுக்கு அது அந்த ஆண்டுத் தேன் முழுவதும் போயிற்று என்பதற்கு அடையாளம்.

ஆகவே மார்த்தாண்டத்தில் "குளிர்காலத்துக்கு ஆயத்தம்" என்பது வேறு வேலையாயிற்று. மழை தொடங்குமுன் பெட்டியைத் திறந்து பார்த்து, தேனீ மூடாத வெற்று அடைகளை வெளியே எடுத்துவிடுவார்கள். தேன் அறையையும் எடுத்துவிட்டு வீட்டைச் சிறிதாக்குவார்கள். கடைசித் தேனைப் பேராசையோடு எடுக்காமல் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். போதாததற்குச் சீனியும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகை மாலை வேளையில் உள்ளே வைப்பார்கள். பகலில் வைத்தால் அடுத்த வீட்டுப் பெட்டியிலிருந்து கொள்ளைக்கு வரும். பெட்டி நிற்கும் காலின் கீழ்க் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நலிந்த குடும்பத்தை வலுவான குடும்பத்தோடு இணைத்துவிடுவார்கள்.

அங்கே இணைப்பதற்குக் காரணம் குளிர் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கடலோரத்துக்கு அருகிலுள்ள வெப்ப மண்ணில் உருண்டையின் மேற்பரப்புக் கணக்கு அவ்வளவு பெரிதில்லை. அடையை மூடிக் காக்க ஆள் வேண்டும், அந்தையும் எறும்பையும் விரட்ட ஆள் வேண்டும், மழை விட்ட அரை மணி நேரத்தில் ஓடிப்போய் மகரந்தம் கொண்டுவர ஆள் வேண்டும். ஜெலியேயின் கலையை அப்படியே வாங்கிக்கொண்டு, வேறொரு பகைவனுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லலாம்.

இணைக்கும் முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. தேனீ தன் பெட்டியின் இடத்தைத்தான் நினைவில் வைக்கிறதே தவிரப் பெட்டியையன்று. இருபது அடிக்கு அப்பால் உள்ள பெட்டியைத் திடீரென்று தூக்கிவந்தால், பறக்கப்போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி, வெற்றிடத்தில் சுற்றிச்சுற்றிச் சாகும். ஆகவே நாளுக்கு ஓரடி, ஈரடியாக நகர்த்திப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். இணைப்பதற்கு முதல் நாள் நலிந்த குடும்பத்தின் ராணியைத் தேடி நீக்க வேண்டும். மாலையில், எல்லாத் தேனீயும் வீடு திரும்பியபின் செய்தித்தாளை விரிக்க வேண்டும். நெடுநாள் ராணியில்லாமல் கிடந்த குடும்பமானால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கியிருக்கும். ஓர் அறைக்குள் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடப்பதே அதற்கு அடையாளம். அப்படிப்பட்ட குடும்பத்தை இணைத்தால் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும்.

மழையைக் கடந்த குடும்பங்களுக்குக் கிடைத்த பரிசு ரப்பர்த் தேன். நேயர்களில் பலருடைய பெற்றோர் கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். துரைமார் அதற்கு வைத்த பெயர் "விண்டரிங்". குளிர்காலத்தைக் கடத்தல் என்று பொருள். தளிர் விடும்போது மூன்று இலைகளும் காம்போடு கூடும் இடத்தில் இனிப்பான நீர் சுரக்கிறது. அது பூவில் ஊறும் மது அன்று, இலையில் ஊறுவது. குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி இந்த இலைத் தேனே. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை பெட்டிகளை லாரியில் ஏற்றி, கேரளத்து ரப்பர்த் தோட்டங்கள்வரை கொண்டுபோய் வைப்பார்கள். மரத்தின் குளிர்காலம் தேனீயின் அறுவடைக்காலமாகிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த அதே மரம்தான் இங்கும் பல இலட்சம் ஏக்கரில் நின்றது. நாம் பட்டையில் வடியும் பாலைச் சேர்த்தோம்; இலையில் வடிந்த இனிப்பைப் பெரும்பாலும் எறும்புக்கும் காட்டுத் தேனீக்கும் விட்டுவிட்டோம். 1980-களில் செர்டாங்கிலிருந்த மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகம் நாட்டுத் தேனீ வளர்ப்பை ஆராய்ந்து சிறு விவசாயிகளிடம் பரப்ப முயன்றது. அப்பல்கலைக்கழகமே இன்று புத்ரா என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

மார்த்தாண்டத்தின் கதையில் ஒரு பெரிய இடி 1990-களின் தொடக்கத்தில் விழுந்தது. தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரசு நோய் 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவியது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பையைப்போல் அறைக்குள்ளேயே செத்து நிற்கும். பிறக்கவேண்டிய தலைமுறை பிறக்காததால் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. தென்னாட்டில் பெட்டியில் வளர்ந்த அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்த இடங்கள் உண்டு. தேனை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் வெறும் பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு வேறு கூலிக்குப் போயின.

இந்த நோய் பழைய பாடம் ஒன்றையும் திருத்தியது. நலிந்த குடும்பத்தைக் கண்டால் வலுவானதோடு சேர் என்பதே அதுவரை சொல்லிவந்த நெறி. நோயினால் நலிந்த குடும்பத்தைச் சேர்த்தால் நல்ல குடும்பத்துக்கும் நோய் போகும். அதன் அடையைக் கொடுத்தாலும் போகும். ஆகவே ஏன் நலிந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பசியால் நலிந்ததா, ராணி கிழடானதா, ராணியே இல்லையா, புழு செத்துக் கிடக்கிறதா? முதல் மூன்றுக்கும் இணைப்பது மருந்து. நான்காவதற்கு அதுவே நஞ்சு. நோயின்போது இணைப்பதை நிறுத்தி, தாமாகவே தப்பிப் பிழைத்த குடும்பங்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து மட்டுமே புதுக் குடும்பங்களைப் பிரித்துப் பெருக்கியதால்தான் தொழில் சில ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தலைதூக்கிற்று. வேறு சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினர். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது, தொண்ணூறுகளின் வெறும் பெட்டிகள்தாம் நம் நினைவுக்கு வந்தன.

இப்போது நம் மலைக்குத் திரும்புவோம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்த மலை இது. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்று முதல் மலைச்சரிவெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது. பார்க்கக் கண்ணுக்கு இனிமைதான். தேனீயின் கண்ணுக்கு அது பாலை. தேயிலைச் செடி பூக்கக்கூடியதே. ஆனால் கொழுந்தை ஓயாமல் கிள்ளிக் கவாத்து வெட்டி வைத்திருக்கும் செடி அருமையாகத்தான் பூக்கும். தேயிலைக்கு நடுவே வைத்த பெட்டி, காட்டோரத்து மரங்களையும் வீட்டுத் தோட்டத்தையும் நம்பித்தான் வாழ முடியும். காய்கறித் தோட்டங்களில் பூ உண்டு, அங்கே பூச்சி மருந்தும் உண்டு. பிரிஞ்சாங் பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் பார்க்கும் தேனீப் பண்ணைகளை நேயர்கள் அறிவீர்கள்.

இங்கே மழை ஆண்டில் இரண்டு முறை உச்சம் தொடும். ஏப்ரல், மே ஒரு முறை. அக்டோபர், நவம்பர் மற்றொரு முறை. இரண்டாவது ஐப்பசியும் கார்த்திகையும். அதாவது தொல்காப்பியம் குறிஞ்சிக்கு வைத்த அதே கூதிர். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். இரவில் 15 பாகைக்கு அருகே இறங்கும். பகலிலும் மேகம் தரையில் படிந்துவிட்டால் தேனீ வாசலைத் தாண்டாது. அடைக்குள் புழு வளர்வதற்கோ 33 முதல் 35 பாகை வெப்பம் வேண்டும். ஜெலியே கண்ட குளிரும் மார்த்தாண்டத்தார் கண்ட மழையும் இந்த மலையில் ஒரே வாரத்தில் சேர்ந்து வருகின்றன. அளவில் இரண்டும் சிறியவைதான். ஆனால் ஒரு கையளவே உள்ள சிறு குடும்பத்துக்கு இரண்டையும் ஒருங்கே தாங்கும் வலு இராது.

ஆகவே நம் பள்ளிகளிலோ வீட்டுக் கொல்லையிலோ பெட்டி வைத்திருப்பவர்கள் நாட்காட்டியைத் தமிழ் மாதத்தில் பார்ப்பது நல்லது. ஆவணி பிறந்ததும் பெட்டியைப் பின்புறமாகச் சற்றே தூக்கிப் பார்க்க வேண்டும். இலேசாக எழும்பினால் இருப்பு இல்லை என்று பொருள், பாகு கொடுக்கத் தொடங்க வேண்டும். பெட்டியை முன்புறம் ஒரு விரற்கடை சாய்த்து வைத்தால் உள்ளே நீர் தேங்காது. வாசலைக் காற்று வரும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டுமானால் நாளுக்குச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். குடும்பம் மூன்று அடைகளைக்கூட நிறைத்து உட்காரவில்லை என்றால், புழுக்களைப் பார்த்து நோயில்லை என்று தெளிந்தபின், புரட்டாசி முடியுமுன்னரே இணைத்துவிட வேண்டும். மழை பிடித்தபின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ராணியைத் தேடுவது இயலாத காரியம். இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் வாசற்பலகையைப் பார்த்தால், கடித்துத் தள்ளிய தாள் துணுக்குகள் கிடக்கும். சில சமயம் எழுத்துக்கூடத் தெரியும். செத்த தேனீக்கள் அவற்றோடு மிகுதியாகக் கிடக்கவில்லையென்றால், தாளின் மிச்சத்தை எடுக்கக்கூடப் பெட்டியைத் திறக்க வேண்டாம். அவையே எடுத்துப் போட்டுவிடும்.